‘எங்கயாவது சாப்பிட்டுக்கலாம்’னு கிளம்பாதீங்க!



சென்னைக்குக் கிளம்புகிறோம் என்றால் நம் வீடுகளில் எத்தனை திட்டம் போடுகிறோம்! எந்த பஸ், எந்த லாட்ஜ், எந்த டாக்டர், எந்தக் கடையில் பட்டு, கையில் எவ்வளவு ரூபாய் என்று ஒரு வாரம் உட்கார்ந்து பேசுகிறோம். சாப்பாட்டுப் பேச்சு வரும்போது மட்டும், "அது என்ன, எங்கயாவது சாப்பிட்டுக்கலாம்" என்று முடித்து விடுகிறோம். இந்த ‘எங்கயாவது’தான் கடைசியில் காசுக்கும் வயிற்றுக்கும் வேட்டு வைக்கிறது. அதிலும் பெண்களுக்குத்தான் நஷ்டம் அதிகம். புருஷன், பிள்ளைகள், பெரியவர்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, "எனக்குப் பசிக்கல, ஒரு டீ போதும்" என்று சொல்வது யார்? நாம்தானே!

நான் பத்தாவது வரை படித்தவள். மன்னார்குடி பக்கம் கிராமம். என் அம்மாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. காலையும் ராத்திரியும் இன்சுலின் ஊசி. 2024 ஜூலையில், சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்டிருக்கிறது என்று சொல்லி, எழும்பூர் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கண்ணில் ஊசி, லேசர், மறுபடி மறுபடி பரிசோதனை என்று 12 நாள் சென்னையில் தங்கும்படி ஆனது. தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. எங்க வீட்டுக்காரருக்கு நடவு வேலை. லாட்ஜ் ரூமில் நானும் அம்மாவும் மட்டும். அடுப்பு கிடையாது. மூன்று வேளையும் வெளிச்சாப்பாடுதான்.

சர்க்கரைக்காரர்கள் உள்ள வீடுகளுக்குத் தெரியும். ஊசி போட்ட பிறகு சாப்பாடு தாமதமானால் சர்க்கரை சர்ரென்று இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். கவனிக்காமல் விட்டால் மயக்கமே வந்துவிடும். அதனால் எனக்கு ஓட்டல் தேடுவது ருசிக்காக இல்லை, மருந்துக் கடை தேடுவது மாதிரி. அந்த 12 நாளில் நான் தெரிந்து கொண்டதைச் சகோதரிகளுக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நேரம், அப்புறம்தான் பெயர்

வீட்டில் எந்த நேரத்துக்கும் பானையில் ஒரு பிடி சோறு இருக்கும். ஓட்டலில் அப்படி இல்லை. பெரும்பாலான சைவ ஓட்டல்களில் மதியச் சாப்பாடு 3 மணியோடு சரி. அதற்கு மேல் போனால் டிபன்தான். சின்ன மெஸ்களில் நடுவில் கதவையே சாத்தி விடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் நம் டோக்கனைக் கூப்பிடுவது ஒரு மணிக்கா நாலு மணிக்கா என்று யாருக்கும் தெரியாது. அதனால் நான் போய் இறங்கிய அன்றைக்கே அம்மாவை ரூமில் படுக்க வைத்துவிட்டு, சுற்றியுள்ள நாலு தெருவும் நடந்து பார்த்தேன். காலை 7 மணிக்குச் சூடாக இட்லி கிடைக்கும் இடம், 3 மணிக்கு மேலும் சாம்பார் சாதம், தயிர் சாதம் கிடைக்கும் இடம், ராத்திரி 10 மணி வரை திறந்திருக்கும் இடம் என்று மூன்றை நோட்டில் எழுதிக் கொண்டேன். அந்த அரை மணி நேர நடைதான் 12 நாளும் கை கொடுத்தது.

இன்னொரு விஷயம். சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்த பிறகு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். அந்த இரண்டு மணி நேரம் சாப்பிடத் தொடங்கியதிலிருந்து கணக்கு. கூட்டமான பெரிய ஓட்டலில் இடம் பிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனால், பசியோடு இருக்கும் பெரியவர்கள் பாடு திண்டாட்டம். அன்றைக்கு மட்டும் ருசியைப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பது எது, உட்கார்ந்ததும் இலை போடுவது எது என்றுதான் பார்க்க வேண்டும்.

‘நல்ல ஓட்டல் எது’ என்று கேட்காதீர்கள்

லாட்ஜில் கல்லாவில் இருந்தவரிடம், "தம்பி, இங்க நல்ல ஓட்டல் எதுப்பா?" என்று கேட்டேன். மெயின் ரோட்டில் கலர் லைட் போட்ட பெரிய ஓட்டல் ஒன்றைக் காட்டினார். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற அக்காவிடம் வேறு மாதிரி கேட்டேன். "அக்கா, நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?" உடனே அவர், "பின்னாடி சந்துல ஒரு மெஸ் இருக்கு கண்ணு. புருஷன் பொண்டாட்டி நடத்துறாங்க. பன்னெண்டரைக்குள்ள போ, ரசம் தீர்ந்துடும்" என்றார். நர்ஸ் சிஸ்டர் ஒருவரும் அதே மெஸ்ஸைத்தான் சொன்னார்.

‘நல்ல ஓட்டல் எது’ என்று கேட்டால் வெளியூர்க்காரர்களுக்கு எது பெருமையோ அதைச் சொல்வார்கள். ‘நீங்க எங்க சாப்பிடுறீங்க’ என்று கேட்டால்தான் உண்மை வரும். தினமும் அதே இடத்தில் சாப்பிட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் வயிற்றைக் கெடுக்கும் கடைக்குப் போக மாட்டார்கள். பூ விற்கும் அம்மா, பேங்க் வாட்ச்மேன், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர்கள் இவர்களைக் கேளுங்கள். இரண்டு பேர் ஒரே கடையைச் சொன்னால் தைரியமாகப் போகலாம்.

ஊரில் பெரியவர்கள் சொல்லும் பழைய பெயர்களை நம்பியும் ஆட்டோ பிடிக்காதீர்கள். "டிரைவ்-இன் உட்லண்ட்ஸ்ல போய் ஒரு டிபன் சாப்பிடுங்க" என்று என் மாமனார் சொல்லி அனுப்பினார். அந்த ஓட்டல் 2008லேயே மூடியாகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது!

நம் கண்தான் இன்ஸ்பெக்டர்

நாள் முழுக்க அடுப்படியில் நிற்கும் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். உள்ளே நுழைந்ததும் மூக்கே பாதி சொல்லிவிடும். புளித்த வாடையும் பழைய எண்ணெய் சிக்கு வாடையும் அடித்தால் திரும்பி விடுங்கள். உட்காரும் முன் கை கழுவும் இடத்தைப் பாருங்கள். நாம் பார்க்கும் இடத்தையே சுத்தமாக வைக்காதவர்கள், பார்க்காத இடத்தை எப்படி வைத்திருப்பார்கள்? மேசை துடைக்கிற துணி, டம்ளரைக் கழுவுகிற தண்ணீர், வடை போடுகிற எண்ணெயின் நிறம் இந்த மூன்றும் போதும்.

சூடாக, நம் கண்முன்னே வருவதற்கு முதலிடம் கொடுங்கள். கொதிக்கக் கொதிக்க வரும் இட்லி, அப்போது ஊற்றிய தோசை, ஆவி பறக்கும் பொங்கல் இவையெல்லாம் பெரும்பாலும் வயிற்றை ஒன்றும் செய்யாது. காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை 11 மணிக்கு மேல் நான் தொடுவதில்லை. சாம்பார் போதும் என்று சொல்லிவிடுவேன். ரோட்டோரம் நறுக்கி வைத்த பழமும், ஐஸ் போட்ட ஜூஸும் வெளியூரில் வேண்டவே வேண்டாம். கொய்யாவோ வாழைப்பழமோ முழுசாக வாங்கி, நாமே கழுவியோ உரித்தோ சாப்பிடலாம்.

2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு ஓட்டலும் லைசென்ஸோ பதிவோ எடுத்து, அந்த 14 இலக்க நம்பரை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருப்பார்கள். நம்பர் இருப்பதாலேயே ருசி வந்துவிடாது. ஆனால், நாளை ஒரு தகராறு என்றால் புகார் கொடுக்க உதவும்.

பார்சல் வாங்கும்போது ஒரு சங்கடம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்கும், சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கும் தடை. ஆனாலும் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்றிக் கட்டித் தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. நான் இரண்டு எவர்சில்வர் டப்பாவும் ஒரு சின்னத் தூக்கும் கொண்டு போயிருந்தேன். "இதுல போடுங்கண்ணே" என்று நீட்டினால் யாரும் மறுப்பதில்லை. கூடவே ஒரு கரண்டி சாம்பார் அதிகமாகவே விழும்!

பக்கத்து ரூம்காரர்கள் பட்ட பாடு

எங்கள் பக்கத்து ரூமில் கல்யாண ஜவுளி எடுக்க வந்த ஒரு குடும்பம் தங்கியிருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி ஒரு தள்ளுவண்டிக் கடையில் முட்டை ஃப்ரைட் ரைஸ் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். விடிவதற்குள் கல்யாணப் பெண், அவள் அத்தை, சின்னப் பையன் மூன்று பேருக்கும் வாந்தி. ஜவுளிக்கு வைத்திருந்த பணத்தில் பாதி டிரிப்ஸுக்கும் மருந்துக்கும் போனது. பாவம், அந்தப் பெண் தன் முகூர்த்தப் புடவையைத் தானே போய்ப் பார்க்க முடியாமல் படுத்திருந்தாள்.

நர்ஸ் சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். சமைத்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைத்தால் அதில் ஒருவகைக் கிருமி பெருகி விஷத்தை உண்டாக்குமாம். மறுபடி வாணலியில் போட்டு எவ்வளவு வறுத்தாலும் அந்த விஷம் போகாதாம். ‘சூடாத்தானே குடுத்தான்’ என்று நாம் ஏமாறுவது இங்கேதான். மதியம் வடித்த சோறா என்று நமக்குத் தெரியாத இடத்தில், ராத்திரி வேளையில் இட்லி, தோசை, சப்பாத்தி என்று அப்போது சுட்டுத் தருவதை வாங்குவதே நல்லது.

கையில் காசு குறைவா?

அம்மா உணவகம் 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கியது. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மகளிர் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். நான் கூப்பிட்டபோது அம்மா முதலில், "என்னடி இது, தர்மச் சோறு மாதிரி" என்று தயங்கினார். "டோக்கன் வாங்கித்தானேம்மா சாப்பிடுறோம்" என்றேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "தயிர் சாதம் நல்லாத்தாண்டி இருக்கு" என்றார். அங்கே நின்றபடி சாப்பிட வேண்டியிருந்தது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். அதனால் மறுநாள் முதல் நான் டப்பாவில் வாங்கி வந்து ஆஸ்பத்திரி மரத்தடிப் பெஞ்சில் வைத்துக் கொடுத்தேன்.

நடுத்தர ஓட்டலில் உட்காரும் முன் விலைப் பலகையைப் பாருங்கள். இதில் வெட்கமே வேண்டாம். முழுச் சாப்பாட்டை இருவர் பங்கு போட விடமாட்டார்கள். அளவுச் சாப்பாடு போதுமா என்று யோசித்துச் சொல்லுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு, "சாதத்தைக் குறைச்சு, பொரியல் கூட்டு கொஞ்சம் கூட வைங்க" என்று கேட்டால் பெரும்பாலான சர்வர்கள் தாராளமாக வைக்கிறார்கள். காபி சொல்லும்போதே "சர்க்கரை இல்லாம" என்று சொல்லிவிட வேண்டும்; கலந்து கொண்டு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. "தண்ணி பாட்டிலா, சாதாவா?" என்று கேட்டால் சாதா என்று தைரியமாகச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீர் சந்தேகமாக இருந்தால் கையில் கொண்டு போன தண்ணீரைக் குடிக்கலாம்.

பில்லையும் படித்துப் பாருங்கள். சாதாரண ஓட்டல்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 2017 நவம்பர் முதல் ஏசி ஹால், சாதா ஹால் என்று வரியில் வித்தியாசம் கிடையாது. விலையைத்தான் ஏசி ஹாலில் கூட்டி வைக்கிறார்கள். சில இடங்களில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தனியாக ஒன்று போடுகிறார்கள். அதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி ஹைகோர்ட்டும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்திருக்கிறது. எடுத்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

தண்ணீர் குடிக்காத பெண்கள்

இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். டவுனுக்குப் போனால் நம்மில் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. காரணம், பாத்ரூம். காலை 6 மணிக்குக் கிளம்பியவர் ராத்திரி வரை அடக்கிக் கொண்டு இருப்பார். ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு, காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன்! நான் ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் ஒரு கணக்காகவே வைத்தேன். பெண்களுக்குத் தனி பாத்ரூம், உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர் இவை இருக்கிற ஓட்டலில் தோசை 10 ரூபாய் அதிகம் என்றாலும் ஒரு வேளையாவது அங்கே சாப்பிடலாம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் கவனிக்க: 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறைகள் திறந்தார்கள். ஓட்டல் மூலையில் முந்தானையை இழுத்து மூடிக் கொண்டு தவிக்காமல், பஸ் ஸ்டாண்டிலேயே விசாரித்துக் கொள்ளுங்கள்.

ஆசைக்கும் ஒரு நாள்

பதினோராம் நாள் டாக்டர், கசிவு நின்றிருக்கிறது, ஊருக்குப் போகலாம் என்று சொன்னார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். கல்யாணமான புதிதில் அப்பாவோடு மெட்ராஸ் வந்தபோது திருவல்லிக்கேணியில் சாப்பிட்ட சாம்பார் இட்லி ஞாபகத்தைச் சொன்னார். 1948ல் தொடங்கிய ரத்னா கேஃப் அது. இப்போதும் இருக்கிறது. இட்லியைக் கொண்டு வந்து வைத்து, சாம்பாரை அது மூழ்கும்படி ஊற்றுகிறார்கள். கேட்கக் கேட்க இன்னும் ஊற்றுகிறார்கள். அம்மா இரண்டே இட்லியை அரை மணி நேரம் சாப்பிட்டார். "உங்க அப்பா நாலு சாப்பிட்டாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பேர் பெற்ற கடைக்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அலைச்சலும் பதற்றமும் இல்லாத ஒரு நாளைப் பார்த்து, கூட்டம் குறைந்த நேரத்தில் போக வேண்டும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மவுண்ட் ரோட்டில் 1951ல் தொடங்கிய புஹாரி ஓட்டல் இருக்கிறது. பாரிமுனை பக்கம் பர்மா பஜார் அருகே ‘அத்தோ’ என்று ஒன்று விற்கிறார்கள். நூடுல்ஸில் முட்டைக்கோசும் வறுத்த வெங்காயமும் புளிக்கரைசலும் போட்டுக் கையால் பிசைந்து தருவது. 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நம் ஜனங்கள் கொண்டு வந்த சாப்பாடு அது. மயிலாப்பூர் கோயில் குளத்தைச் சுற்றிய தெருக்களில் சின்னச் சின்ன மெஸ்கள் உண்டு. கோயிலுக்கும் போன மாதிரி இருக்கும், வயிறும் நிறையும்.

நீங்க சாப்பிட்டீங்களா?

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு சகோதரியைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். புருஷனுக்கு ஆபரேஷன். வேளா வேளைக்கு அவருக்கு இட்லி, இளநீர், கஞ்சி என்று ஓடி ஓடி வாங்கி வருவார். ஐந்தாம் நாள் மருந்துக் கடை வரிசையில் நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். தூக்கி உட்கார வைத்து விசாரித்தால், நாலு நாளாக டீயும் பன்னும்தான். "அவருக்கே செலவு எக்கச்சக்கம் ஆகுதுக்கா, எனக்கு எதுக்கு?" என்றார். எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. மெஸ்ஸுக்குக் கூட்டிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடச் சொன்னேன். மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் படுத்துவிட்டால் அந்தப் புருஷனுக்குக் கண் மருந்து போடுவது யார்? துணைக்குப் போகிற பெண் சாப்பிடுவது வீண் செலவு இல்லை. வைத்தியச் செலவில் அதுவும் சேர்த்திதான். நான் தினமும் நோட்டில் ‘அம்மா’, ‘நான்’ என்று இரண்டு கட்டம் போட்டு எழுதினேன். ஊருக்கு வந்ததும் எங்க வீட்டுக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கட்டமும் சமமா இருக்கே" என்றார். "ரெண்டு பேருக்கும் ஒரே அளவு வயிறுதாங்க" என்றேன். சிரித்துவிட்டார்.

கிளம்பும் முன் பையில் இவை இருக்கட்டும்: எவர்சில்வர் டப்பா இரண்டு, தண்ணீர் பாட்டில், சின்ன சோப்பு, கைத்துண்டு, பொட்டுக்கடலை அல்லது பிஸ்கட், உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட். சர்க்கரைக்காரர்கள் கூட வந்தால் ஒரு பொட்டலம் சர்க்கரையும் வேண்டும். கை நடுங்கி வியர்த்தால், நினைவோடு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு போங்கள்.

மதுரை, கோவை, வேலூர் என்று வைத்தியத்துக்குப் போய் வந்த சகோதரிகள் எத்தனையோ பேர் இருப்பீர்கள். அந்த ஊர்களில் தனியாக வரும் பெண் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட நல்ல மெஸ் எது, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் என் நாத்தனார் தன் மாமியாரைக் கூட்டிக் கொண்டு மதுரைக்குக் கிளம்புகிறார். அவருக்காகத்தான் கேட்கிறேன்.

– ஒரு வாசகி, மன்னார்குடி.